ஏக்கரா, மனையா?

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையோரத்தில், சென்ற தலைமுறை வரையில் மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் விளைந்த மேட்டுக்காடுகள் பல, இன்று வெள்ளையடித்த எல்லைக் கற்களும் வர்ணக் கொடிகளுமாய் மனைப்பிரிவுகளாக மாறி நிற்பதைக் காணும் குடும்பஸ்தருக்கு, கையில் சேர்ந்திருக்கும் பணத்தைக் கொண்டு ஊரோரத்தில் ஒரு சைட் வாங்குவதா, அல்லது உள்ளே தள்ளிப் போய் அரை ஏக்கர் காடு வாங்குவதா என்ற கேள்வி எழுவது சகஜமே.

சென்ட் கணக்குப் பார்த்தால் காடுதான் மலிவு என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், வாங்கும் நாளில் கிடைக்கும் மலிவைக் காட்டிலும், விற்க வேண்டிய நாளில் எத்தனை பேர் கேட்டு வருவார்கள் என்பதே பிரதானம் என்பதும், அந்த எண்ணிக்கையை நிர்ணயிப்பதில் நிலத்தின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

முப்பதுக்கு நாற்பது என்று வழங்கும் 1,200 சதுர அடி மனை, சென்ட் கணக்கில் இரண்டே முக்கால்தான். ஆனால் அது பள்ளி ஆசிரியருக்கும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரருக்கும், ரிக் வண்டியோடு வடநாடு போய்த் திரும்பும் திருச்செங்கோட்டுக்காரருக்கும் எட்டக்கூடியது. அங்கீகாரம் பெற்றதாயின் வங்கிக் கடனும் கிடைக்கும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி பெறும் சௌகரியமும் 2024 முதல் வந்திருக்கிறது. இரண்டு மனை வைத்திருப்பவர் மகள் கல்யாணத்துக்கு ஒன்றை விற்று மற்றொன்றைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அரை ஏக்கர் காட்டில் பத்து சென்ட்டை மட்டும் விற்க முயல்பவரோ, வண்டிப்பாதை எந்தப் பக்கம் விடுவது, கிணறு யார் பங்கில் சேருவது, உட்பிரிவுக்கு சர்வேயர் எப்போது வருவார் என்ற விவகாரங்களிலேயே மாதங்களைக் கழிக்க நேரும்.

ஏக்கர்க்காரரிடம் பொதுவாகக் காணப்படும் மயக்கம், பக்கத்து மனைப்பிரிவின் சதுர அடி விலையை 43,560-ஆல் பெருக்கித் தம் ஆஸ்தியை மதிப்பிடுவது. அந்தக் காடு மனைகளாக வேண்டுமானால் முதலில் சாலைகளுக்கு இடம் விட வேண்டும். 3,000 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா முதலிய பொது உபயோகத்துக்கு ஒதுக்கவோ, ஒரு ஹெக்டேருக்கு உட்பட்டதாயின் அதற்கீடான தொகையைக் கட்டவோ வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிய வேண்டும். இத்தனையையும் கழித்துத்தான் புரோமோட்டர் ஏக்கருக்கு விலை பேசுகிறார்.

அதனால் சிறியதெல்லாம் உத்தமம் என்று கொள்வதும் பிழையே. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, விலை நயம் என்று அத்தகைய மனைகளை வாங்கிப் போட்டவர்கள் திகைத்து நின்றதை நாம் மறந்துவிடலாகாது. பண்ணை நிலம் என்ற பெயரில் இப்போது பத்தும் இருபதுமாகக் கூறு போடப்படும் சென்ட்டுகளோ, வீடு கட்ட எளிதில் அனுமதி கிடைக்காமலும், வெள்ளாமை கட்டுப்படியாகாமலும் இரண்டுங்கெட்டானாக நிற்கின்றன.

எந்த அளவாயினும், முத்திரைத் தீர்வைக்கு 7 சதவீதமும் பதிவுக் கட்டணத்துக்கு 2 சதவீதமும் பத்திரச் செலவாகப் போய்விடுவதால், விலை அந்த மட்டுக்காவது ஏறும் முன் அவசரத்தில் விற்பவருக்கு நஷ்டம் நிச்சயம். ஆகவே, கிணற்றில் நீரும், உழ மனமும், பல ஆண்டுகள் பணத்தைத் திரும்பக் கேளாதிருக்கும் சக்தியும் உடையவர் தாராளமாக ஏக்கரை வாங்கட்டும். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே கிரயத்தில் போடும் சாமானியரோ, தம்மைப் போன்ற மற்றொரு சாமானியர் கடன்பட்டேனும் தம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.