காருக்கு அடியில் "டொக் டொக்"! மலை ஏறுமுன் கவனிக்க வேண்டும்

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகும் ரோடு சேந்தமங்கலம் வழியாகப் போகிறது. காரவள்ளியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள்!

ஆடிப் பெருக்கு சமயத்தில் இந்த ரோட்டில் கார்கள் வரிசையாகப் போகும். குடும்பம் குடும்பமாக மக்கள் அறப்பளீசுவரர் கோவிலுக்குப் போவார்கள்.

சில கார்கள் பள்ளத்தில் இறங்கியதும் "டொக் டொக்" என்று சத்தம் போடும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடக்கூடாது. அந்தச் சத்தம் கார் கொடுக்கும் எச்சரிக்கை.

சத்தம் வருவது ஏன்?

காரின் பாரத்தை ஸ்பிரிங் தாங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும். பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருக்கிறது.

இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க, நடுவில் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். சக்கரம் மேலும் கீழும் அசையவும் திரும்பவும் உதவுவது பால் ஜாயிண்ட். அது மனிதனின் தோள் மூட்டைப் போன்றது.

லாரிகளுக்குப் பெயர் போன நாமக்கல் வட்டாரத்தில் ஸ்பிரிங் பட்டை என்றால் சிறுவனுக்கும் தெரியும். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் காருக்கும் பின்பக்கம் பட்டைதான். இப்போதைய சிறிய கார்களில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது.

எதுவானாலும், ரப்பர் தேய்ந்தால் இரும்பு இடிக்கும். இரும்பு இடித்தால் சத்தம் வரும்.

எந்தச் சத்தம், எந்தக் கோளாறு?

சிறு மேடு பள்ளத்தில் "டக் டக்" என்று கேட்டால், பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது அதன் புஷ் தேய்ந்திருக்கும்.

பிரேக் போடும்போதும், வண்டி கிளம்பும்போதும் ஒரே ஒரு "டொக்" கேட்டால், லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டங்" என்றால், முன் ஸ்பிரிங்கின் மேலே உள்ள பேரிங்கில் கோளாறு இருக்கலாம்.

"கிறீச்" என்றால் ரப்பர் காய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட்டில் கிரீஸ் வற்றியிருக்கலாம்.

வேகம் கூடக் கூட "ஊம்" என்ற சத்தமும் கூடினால், அது ஸ்பிரிங் கோளாறு அல்ல. சக்கர பேரிங்கையும் டயரையும் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

முதலில் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பேனரும் உருண்டாலே சத்தம் வரும். ஸ்டெப்னி சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

பிறகு காரின் ஒரு மூலையை அழுத்தி விட வேண்டும். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. ஊஞ்சல் போல ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதன்மேல் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தாலும் அப்படியே.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. ஜாக்கி நழுவினால் உயிருக்கு ஆபத்து! அடியில் இருப்பதைப் பட்டறையில் பார்ப்பதே நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஒரு பக்கம் ஷாக் அப்சார்பர் போனால், எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்யாது.

புது புஷ் போட்ட பிறகு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் நட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்தே முறுக்கினால், ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

கிறீச் சத்தத்தை அடக்க ரப்பரில் என்ஜின் ஆயில் ஊற்றுவார்கள். அது ரப்பரையே கெடுக்கும். வேலை முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம்.

ரோட்டின் பங்கு

கோளாறு முழுவதும் காருடையது அல்ல. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும், 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதைக் குலுங்காமல் தாண்டலாம். ஆனால் ஊருக்குள் சுவர் மாதிரி எழுப்பிய வேகத்தடைகள் எத்தனை! வெள்ளைக் கோடுகூட இல்லாதவை எத்தனை!

மத்திய சர்க்கார் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் ரோட்டுப் பள்ளங்களால் நாட்டில் 4,446 விபத்துகள் நடந்தன. 1,856 பேர் மாண்டார்கள். பள்ளத்தை மூடுவது அதிகாரிகளின் கடமை. காரைச் சரியாக வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை.

மலையில் இறங்கும்போது பிரேக் போடப் போட, பாரம் முன் சக்கரங்களில் இறங்குகிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் அதிகமாகத் தாங்குகிறது. தேய்ந்த பால் ஜாயிண்ட் அங்கே கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். பிறகு ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

ஆகவே சத்தம் போடும் காரைக் காரவள்ளிக்கு ஓட்டிப் போகக்கூடாது. புறப்படுவதற்கு முன்பே பட்டறையில் காட்டிவிட வேண்டும்.