தகப்பனார் விட்டுச்சென்ற புல்லட்



திருவிடைமருதூர்ப் பகுதியில் சில வீட்டுக் கொட்டகைகளில், தகப்பனார் ஓட்டிய புல்லட் சாக்கு போர்த்தி நிற்கிறது. அதைச் சீர்ப்படுத்த முற்படும் பிள்ளைகளை மெச்சுகிறேன். செய்யும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல்.

1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்தபின், திருவொற்றியூரில் உருவான வண்டி அது. தாய்க் கம்பெனியின் உற்பத்தி 1970-ல் அங்கே நின்றது. இங்கே உற்பத்தி நிற்கவில்லை. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், வார்ப்பிரும்பு சிலிண்டர், ஹெட்லைட்டின்மேல் ஆம்பியர் மீட்டர்: இவையெல்லாம் சேர்ந்ததே அந்த வண்டி. டிஸ்க் பிரேக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டும் பூட்டி, பழைய டேங்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதை எப்படிச் சீர்ப்படுத்துதல் என்பது?

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதியைப் பாருங்கள். 50 ஆண்டு கடந்து, சேசிஸும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே பழங்கால வாகனப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பெற்றபின் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம். கடைத்தெருவுக்குப் போக விரும்புகிறவர் (நம்மில் பலர் அப்படித்தான்) பழைய ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்வதே நலம்.

ரப்பரை மட்டும் தயங்காமல் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய குழாய்களை இளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கின் உட்புறத்தைத் துருவேற்றும். வாரக்கணக்கில் நிறுத்துமுன் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். டேங்கின்மேல் கையால் இழுத்த பொன்னிறக் கோடு மங்கியிருந்தால், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.