மாரித்தவளையும் முப்பரிமாணப் படமும்

ஓயாது கூச்சலிடுவோரை மாரித்தவளை என்றும், உலகறியாதோரைக் கிணற்றுத்தவளை என்றும் இகழ்தல் தமிழர் வழக்கு. இகழ்ச்சிக்குப் பயன்பட்ட அளவுக்கு அறிவுக்குத் தவளை பயன்படவில்லை. திருகோணமலை என்றவுடன் ஆழ்துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் கோணேசர் ஆலயமுமே நினைவில் எழுகின்றன. வாடையோடு மாரி பிறக்கையில், அத்துறைமுகத்தை அடுத்த குளங்களிலும் வயல்களிலும் நிகழும் பெருமாற்றத்தை நோக்குவார் அரியர்.

நீரிற் பூக்களாற் சுவாசித்துப் பாசியைச் சுரண்டியுண்ணும் வாற்பேத்தை, காற்றைச் சுவாசித்து இரைபிடிக்கும் நாற்கால் விலங்காகின்றது. வால் உறிஞ்சப்படுகின்றது, நீண்டு சுருண்ட குடல் குறுகுகின்றது, தலையின் கசியிழையம் புதுவடிவம் கொள்கின்றது. இவ்வகமாற்றங்களை அறிய முன்னையோர் உடலை மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டியிருந்தது. அச்சீவல்களின் உருவைப் பெருப்பித்து, மெழுகுத் தகடுகளில் வெட்டி அடுக்கி, முழுவுரு அமைக்கும் முறையை 1883இல் ஜேர்மானிய அறிஞர் குஸ்தாவ் போர்ன் விவரித்தார். இன்றோ, அயடீனில் ஊறிய மாதிரியை எக்ஸ் கதிரின் முன் சுழற்றி எடுக்கும் நிழற்படங்களைக் கணினி தொகுத்து, உடலை வெட்டாமலே தசையையும் குடலையும் முப்பரிமாணத்திற் காட்டுகின்றது. உயிருள்ள ஆபிரிக்க நகத்தவளை முளையத்துள் கலங்கள் இடம்பெயர்வதைக்கூட இத்தகைய முறையாற் கண்டு 2013இல் வெளியிட்டனர்.

“இவையெல்லாம் செல்வ நாடுகளின் ஆய்வு, பெருங்கருவி வந்தபின் பார்ப்போம்” என்று கூறுவாரும் உளர். அடக்கம்போற் தோன்றும் இக்கூற்று உண்மையிற் சோம்பலே. 2017 முதல் 2023 வரை அமெரிக்க நிறுவனங்கள் பல கூடி, 13,000க்கு மேற்பட்ட முள்ளந்தண்டு விலங்கு மாதிரிகளை இவ்வாறு படம்பிடித்து, எவரும் காணுமாறு இணையத்தில் வைத்துள்ளன. எனவே, படத்தைக் காண்பதற்குக் கருவி வேண்டியதில்லை. ஆயின், விலங்குச் சாதிகள் பலவற்றைப் பரந்து காட்டவே அத்திட்டம் எழுந்தது. திருகோணமலை வயலில் ஓரினம் நாளுக்கு நாள் மாறும் வரிசையை அங்கிருந்து எதிர்பார்த்தல் முறையோ?

அவ்வரிசை பிந்தினாற் கிடையாது என்பதற்கு இலங்கையே சான்று. இந்நாட்டின் ஈரவலயப் பற்றைத்தவளைகள் மண்ணிலோ இலையிலோ முட்டையிட, வாற்பேத்தையாய் நீந்தாமல் முட்டைக்குள்ளேயே குட்டித்தவளைகள் உருவாகின்றன. அவ்வினங்களுட் பத்துக்கு மேற்பட்டவை அழிந்தன. அவற்றுட் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சேர்த்த நூதனசாலை உடல்களாலேயே அறியப்படுகின்றன. அவ்வுடல்களின் என்பை இன்று முப்பரிமாணத்திற் காணலாம்; அவை முட்டைக்குள் வளர்ந்த விதத்தை எக்கருவியாலும் இனிக் காணவியலாது.

கருவியின்றி முற்பட்டோர் இத்துறைமுகத்திலேயே இருந்தனர். இலங்கையிற் பிறந்த கெலாட் என்பார், திருகோணமலைக் கடலின் ஓடில்லா நத்தைகளை ஆராய்ந்து 1858இல் விவரித்தார். பதனிட்ட உடலில் நிறம் மங்கிவிடும். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களே, 1906இல் இங்கிலாந்தில் எலியட் அவ்வினங்களை மீளாராயத் துணைசெய்தன. உரிய இடத்தில், உரிய காலத்திற் பதிந்து வைத்தமையே அவர் செய்த தொண்டு.

அத்தொண்டு இன்றும் எளிது. 1960இல் கொஸ்னர் வகுத்த 46 படிநிலைகளின் அட்டவணை உண்டு. நீருக்கு மேல் நுரைக்கூடு கட்டும் மரத்தவளையும் வயற்றவளையும் உலர்வலயத்தில் அருமையல்ல. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும், கைவில்லையும், போமலினும், மழையையும் நீர்வெப்பத்தையும் நாள்தோறும் குறிக்கும் ஏடும் போதும். படிநிலைக்குச் சில மாதிரிகளே வேண்டும். பலவற்றைக் கொல்லுதல் தகாது. ஒழுங்காகச் சேர்த்த வரிசைக்கு ஆண்டுகள் பல கழிந்தும் படமெடுக்கலாம். படமெடுக்கும் கருவி கொழும்பிலிருந்தாலென், கடல்கடந்திருந்தாலென்?

கோணேசபுரியிற் பல்கலைக்கழக வளாகமும் அதிற் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. சூழ எங்கும் பாடசாலைகள் உள்ளன. பாடநூலின் வாற்பேத்தைப் படத்தை நிறந்தீட்டி மனனஞ் செய்யும் மாணவர், வாயிலின் முன்னுள்ள குளத்தை அறியாதிருத்தல் கல்வியாகாது. பிறர் எடுத்த படத்தை வியந்து நிற்றலும் ஆராய்ச்சியாகாது. திருகோணமலைத் தவளையின் வளர்ச்சி வரிசையைத் திருகோணமலையாரே தொகுத்தல் வேண்டும். அப்பணி எதிர்வரும் மாரியிலேயே தொடங்கப்படல் வேண்டும்.