ஒப்பித்தது போதும், எழுதக் கற்றுக்கொடுங்கள்!

சகோதரனே! கல்லூரியில் முதலாண்டு. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். இரண்டிலும் நடப்பதென்ன? ஆசிரியர் நோட்ஸ் சொல்கிறார், நீ ஒப்பிக்கிறாய். சொந்தமாக ஒரு வரி எழுதினால் மதிப்பெண் போய்விடுமாம்! இதற்குப் பெயர் கல்வியா?

இந்த ஒப்பித்தல் வெளியே எதற்கு உதவும்? 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "எங்கள் கடைத்தெருவுக்கு ஏன் சாக்கடை கட்டவில்லை?" என்று எழுதிப் பார், காரணம் சொல்வது எங்கள் கடமையல்ல என்று கைகழுவுவார்கள். "எந்தத் தேதியில் எவ்வளவு ஒதுக்கினீர்கள்? கோப்பின் நகல் தருக" என்று கேள், மழுப்புவது கடினம். குமுறலைக் கேள்வியாக்கும் இந்த வித்தையை முதலாண்டில் சொல்லித்தராமல் வேறெப்போது சொல்லித்தரப் போகிறார்கள்?

வியாபாரிகளே! நன்கொடை கேட்டு வரும் கல்லூரி நிர்வாகத்திடம் கட்டடம் எத்தனை மாடி என்று விசாரிக்கிறீர்கள். அங்கே படிக்கும் பிள்ளை சொந்தமாக ஒரு மனு எழுதுவானா என்று கேட்டதுண்டா?