வளர்ப்பா, நிறுவையா?

“பிள்ளைகளுக்காகத்தானே பாடுபடுகிறோம்” என்பது பெற்றோர் கூற்று. உண்மைதான். பீடி சுற்றிச் சேர்த்த காசில் பயிற்சிக் கட்டணம் கட்டும் தாய்மார்களை மேலப்பாளையத்தில் கண்டிருக்கிறேன். அத்தியாகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கட்டணத்தோடு கடமை முடிந்ததா என்பதே என் கேள்வி.

தமிழகத்தில் தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது. 2007இல் சட்டத்தால் நீங்கியது. 2017இல் மருத்துவத்திற்கு நீட் வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பிறந்தது. ஆள்வோரே வாசலை இத்தனை முறை மாற்றியிருக்க, அதில் ஒருமுறை இடறிய பிள்ளையை ‘உதவாக்கரை’ என்று ஏசுவது எந்த நீதி?

மகன் தவறினால் மறு ஆண்டும் பயிற்சி. மகள் தவறினாலோ மாப்பிள்ளை தேடுகிறோம்! கல்வியை இருபாலர்க்கும் கடமையாக்கிய மார்க்கத்தார் செய்யும் செயலா இது?

மருத்துவம் ஒன்றே கல்வியுமன்று. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971 முதல் கலையும் அறிவியலும் கற்பித்து வருகிறது. பிள்ளையின் நாட்டம் எதில் என்று கேட்ட பெற்றோர் எத்தனை பேர்?

அரபியில் ‘தர்பியத்’ என்பதன் வேர்ப்பொருள் வளர்தல். தமிழிலும் ‘வளர்ப்பு’ என்றே சொல்கிறோம். இரு மொழியிலும் நிறுத்துப் பார்த்தல் என்ற பொருள் அச்சொல்லுக்கு இல்லை. நாமோ மதிப்பெண்ணை எடைக்கல்லாக வைத்துப் பெற்ற பிள்ளையையே நிறுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நாணச் செய்கிறோம்.

பெற்றோரே! தேர்வு முடிவு வரும் நாளில், மதிப்பெண்ணைக் கேட்குமுன் பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். தோற்று வந்தாலும் இந்த வீடு தனக்குண்டு என்று அது அறியட்டும். அந்த உறுதியை எந்தப் பயிற்சி நிலையமும் விற்பதில்லை, நாம்தான் தரவேண்டும்.