தெளிவாக்கப்பட்ட முகம் யாருடைய முகம்?

சில மாதங்களுக்கு முன்னர் எமது பகுதியில் உள்ள கடையொன்றில் இரவில் திருட்டு நடந்தது. வாசலில் இருந்த சீசீடிவி கமராவில் ஓர் உருவம் பதிவாகியிருந்தாலும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில சாம்பல் நிறக் கட்டங்களே தெரிந்தன. மறுநாள் காலை ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் அதே படம் மிகத் தெளிவாக வந்தது. புருவம், மூக்கு, தாடி எல்லாம் துல்லியமாக இருந்தன. யாரோ ஒரு தம்பி அதைச் செயலியொன்றில் போட்டு 'கிளியர்' பண்ணியிருந்தார். ளுஹருக்குள் அந்த முகத்துக்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. அஸருக்கு முன்னர் அந்தப் பெயருக்குரிய இளைஞரின் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்றிரவு முழுவதும் அவர் வேலைத்தளத்தில் இருந்தார் என்று முதலாளி வந்து சொன்ன பிறகே கலைந்து போனார்கள்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. சிதைந்த அல்லது சிதைக்கப்பட்ட படத்திலிருந்து உண்மையான முகத்தை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் ஆதாரங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

முடியும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் 2007ஆம் ஆண்டு நடந்தது. வியட்நாமிலும் கம்போடியாவிலும் சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்த ஒருவனின் சுமார் 200 படங்கள் இணையத்தில் பரவியிருந்தன. அவன் தன் முகத்தை மட்டும் சுழல் போல முறுக்கி மறைத்திருந்தான். ஜேர்மனியின் மத்திய குற்றவியல் பொலிஸ் நிபுணர்கள் அந்தச் சுழலை அவிழ்த்து முகத்தை மீட்டார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி இன்டர்போல் அதை வெளியிட்டுப் பொதுமக்களின் உதவியைக் கோரியது. பதினொரு நாட்களில் அவன் தாய்லாந்தில் கைதானான். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பித்து வந்த கனேடியர் அவன்.

இது எப்படிச் சாத்தியமானது? சுழற்றும்போது படத்தின் புள்ளிகள் பெரும்பாலும் அழிவதில்லை, இடம்தான் மாறுகின்றன. மையத்துக்கு அருகில் உள்ளவை கூடுதலாகவும் ஓரத்தில் உள்ளவை குறைவாகவும் ஒரே கணித விதிப்படி திரும்புகின்றன. அதே அளவு எதிர்த்திசையில் திருப்பினால் அவை பழைய இடத்துக்கு வருகின்றன. முறுக்கிப் பிழிந்த சாரனை விரித்தால் அதன் கோடுகள் மீண்டும் தெரிவதைப் போன்றது இது.

முகத்தைக் கட்டங்களாக்குவது அப்படியல்ல. 100 புள்ளிகளின் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே கட்டமாக மாற்றுகிறார்கள். ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி 62 என்று மட்டும் சொன்னால், அதை வைத்து ஒவ்வொரு மாணவனும் எடுத்த புள்ளியை யாராலும் சொல்ல முடியுமா? தூரத்தில் பொருத்திய மலிவான கமராவில் பதிவான முகமும் இப்படித்தான். அங்கே விபரம் மறைந்திருக்கவில்லை. அது பதிவாகவே இல்லை.

இதற்கு மாறாக, அழிந்துவிட்டதாக நாம் நம்பும் விபரம் கோப்புக்குள் பத்திரமாக இருப்பதும் உண்டு. கூகுள் பிக்சல் தொலைபேசிகளில் வெட்டிச் சுருக்கிய ஸ்கிரீன்ஷொட் படங்களிலிருந்து, வெட்டி நீக்கிய பகுதியின் பெரும்பங்கை மீட்கக்கூடிய குறைபாடு இருந்தது 2023 மார்ச்சில் வெளிவந்தது. சிறிய படம் பழைய பெரிய கோப்பின் மேல் எழுதப்பட்டபோது, பழையதன் எச்சம் நீக்கப்படாமல் விடப்பட்டதே காரணம். சில படங்களில் உள்ளே சேமிக்கப்பட்ட சிற்றுருவம், திருத்தத்துக்கு முந்திய காட்சியை அப்படியே வைத்திருக்கும். அடையாள அட்டை இலக்கத்தைத் தொலைபேசியின் ஹைலைட்டரால் கறுப்பாக்கி அனுப்புபவர்களும் கவனிக்க வேண்டும். அந்த மை அரைகுறையாக ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் இலக்கம் தெரிந்துவிடலாம். ஆக, தடயவியல் நிபுணர் முதலில் கேட்பது மூலக் கோப்பைத்தான். கண்ணுக்குத் தெரியும் காட்சியை அதற்குப் பிறகே பார்ப்பார்.

அப்படியானால் அந்தத் தம்பியின் செயலி எதை மீட்டது? எதையும் மீட்கவில்லை. இலட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு, இந்தக் கட்டங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைப் புதிதாக வரைந்து தந்தது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இத்தகைய மென்பொருளுக்கு, கட்டங்களாக்கிய பராக் ஒபாமாவின் படத்தை ஒருவர் கொடுத்துப் பார்த்தார். வெளியே வந்தது ஒரு வெள்ளையரின் முகம்! அது கணக்குப் பிழையல்ல. அந்தக் கட்டங்களுக்கு எத்தனையோ முகங்கள் பொருந்தும். எந்த முகங்களை அதிகம் பார்த்துப் பழகியதோ, அவற்றின் பக்கமே மென்பொருள் சாய்கிறது. அது வரையும் தாடியும் மூக்கும் யாருடையவை என்று எம்மைப் போன்ற சிறுபான்மையினர் அதிகமாகவே யோசிக்க வேண்டும்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கப்பட்ட காணொளியைப் பிரதிவாதி தரப்பு சமர்ப்பிக்க முயன்றது. நீதிபதி மறுத்துவிட்டார். மூலக் காணொளியில் இல்லாத விபரங்களை மென்பொருள் சேர்த்துள்ளது, அது எவ்வாறு இயங்குகிறது என்பதும் வெளிப்படையாக இல்லை என்பது பிரச்சினையாக இருந்தது.

எமது நாட்டின் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டமும், ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கு அவை மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைக்கிறது. ஆக, படத்தை 'கிளியர்' பண்ணி அதை மட்டும் வைத்திருப்பவர் பொலிஸாருக்கு உதவவில்லை. வழக்கைப் பலவீனப்படுத்துகிறார்.

2007 வழக்கிலிருந்து கற்க வேண்டிய இன்னொரு பாடமும் உண்டு. அங்கே மீட்கப்பட்டது உண்மையான முகம். ஆனாலும் அதை வைத்து மட்டும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. உலகின் பல பகுதிகளிலிருந்து தகவல்கள் வந்தன, அவை ஒப்பிடப்பட்டன, பயணப் பதிவுகள் பார்க்கப்பட்டன. பாங்கொக் விமான நிலையத்தில் அவன் இறங்கியபோது எடுக்கப்பட்ட படமும் சேர்ந்தது. நீதிமன்றம் தண்டித்தது அவற்றுக்கெல்லாம் பிறகுதான். முகம் விசாரணைக்கு ஒரு தொடக்கம் மாத்திரமே.

சிதைக்கப்படாத, தெளிவான படமே தவறான மனிதரைச் சுட்டிக்காட்டியதை நாம் கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 25ஆம் திகதி, ஈஸ்டர் தாக்குதல் சந்தேகநபர்களின் படங்களை வெளியிட்ட பொலிஸ், அமெரிக்காவில் வாழும் இலங்கை வம்சாவளி முஸ்லிம் மாணவி ஒருவரின் படத்தையும் அதில் சேர்த்திருந்தது. பின்னர் தவறை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு திணைக்களத்துக்கே இந்தத் தவறு நேரும் என்றால், ஒரு செயலியையும் ஒரு வட்ஸ்அப் குழுமத்தையும் என்னவென்று நம்புவது?

செய்ய வேண்டியவை எளிமையானவை. கமரா வைத்திருப்பவர்கள், சம்பவம் நடந்த உடனேயே பதிவுக் கருவியிலிருந்து மூலக் கோப்பைப் பிரதி எடுத்து, தொடாமல் பொலிஸாரிடம் ஒப்படையுங்கள். வட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் தரம் குறையும், படம் எடுத்த நேரம் போன்ற உள்விபரங்களும் போய்விடும். 'கிளியர்' பண்ணிய முகம் குழுமத்தில் வந்தால், மூலப் படம் எங்கே என்று கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் குழும அட்மின்களும் இத்தகைய படங்களை அனுமதிப்பதில்லை என்று முடிவெடுக்கலாம்.

எமது பகுதித் திருடன் இன்றுவரை பிடிபடவில்லை. எல்லோரும் செயலி வரைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், கடைக் கமராவின் மூலப் பதிவுக்கு மேல் புதிய பதிவுகள் எழுதப்பட்டுவிட்டன. அந்த இளைஞர் இப்போதும் அதே தெருவால்தான் வேலைக்குப் போகிறார். அவரைப் போன்ற அந்தப் படம் பலருடைய தொலைபேசியில் இன்னமும் இருக்கிறது.