அடிபட்டவளுக்குத் தனி அட்டை வேண்டும்

மூணாறு மலைத் தோட்டங்களில் வாழும் பெண்ணுக்கு வீடு என்பது நிருவாகம் ஒதுக்கிய லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறை. வேலை கணவன் பெயரில் இருந்தால் அறையும் அவனுடையதே. அவன் குடித்துவிட்டு வந்து அடிக்கும் இரவில் பிள்ளையோடு வெளியேறுபவள், கூரையோடு அரிசியையும் இழக்கிறாள். அரசின் உதவி குடும்ப அட்டையைத் தேடி வருகிறதேயன்றி அவளைத் தேடி வருவதில்லை.

கேரளத்தில் மஞ்சள், இளஞ்சிவப்பு அட்டைகளே ஏழையின் உரிமைச் சீட்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டின் மூத்த பெண்ணை அட்டையின் தலைவியாக்கியது. போற்றத்தக்க விதி. ஆயினும் கூட்டுக் குடும்பத்தில் அந்த மூத்தவள் மாமியார். அடிபடும் மருமகள் அதில் ஒரு பெயர் மட்டுமே.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் வட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தாய்வீடு எல்லைக்கு அப்பால் போடியிலோ கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ இருக்கிறது. கேரள அட்டையில் பெயர் நீடிக்கும்வரை தமிழ்நாட்டில் அட்டை கிடையாது. பெயர் நீக்கச் சான்றுக்கோ, தப்பிவந்த வீட்டின் தயவையே நாட நேர்கிறது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரிடமே அவள் முறையிடலாம். பராமரிப்புத் தொகையும் கோரலாம். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அந்த 60 நாளும் பிள்ளைகள் எதை உண்பார்கள்? பசிக்கு அஞ்சியே பலர் அடித்தவனிடம் திரும்புகிறார்கள். 2015இல் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெண் தொழிலாளர் அமைப்பாகத் திரண்டு, 20 விழுக்காடு போனசு கேட்டு மூணாற்றை நிலைகுலையச் செய்தவர்கள் இம்மலையின் பெண்கள். அத்தகையோரும் ஓர் அட்டைக்காக வீட்டில் அடங்கிப்போவது அவர்களின் கோழைத்தனமன்று. நம் ஆட்சிமுறையின் குறை.

பாதுகாப்பு அலுவலர் பதியும் குடும்ப வன்முறை அறிக்கையையே சான்றாக ஏற்று, கணவன் வீட்டாரின் ஒப்புதல் கேளாமல் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உடனே தனி அட்டை வழங்க வேண்டும். அதை இரு மாநிலங்களும் மதிக்க வேண்டும். தோட்ட நிருவாகங்கள் அவளுக்கு லயத்தில் தனி அறை ஒதுக்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் விண்ணப்பித்துத் தமிழிலேயே விடை பெறும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அளித்திருக்கிறது. எனவே அவள் மனு எழுதப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை கூடாது.

தனி அட்டைக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை; அவள் பங்கு அரிசியை அவள் கையில் கொடுத்தால் போதும். திருவனந்தபுரமும் சென்னையும் இனியும் காலம் தாழ்த்தலாகாது.